புதைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு

2013 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரை மணிக்குச் சோற்று வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். மணிச் சத்தம் கேட்டதுமே ஓடிவரும் செவலையைக் காணவில்லை. ரேஷன் கடைத் திண்ணைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஐந்து நாய்கள் கிடந்தன. வாயெல்லாம் நுரை, கால்கள் விறைத்துப் போயிருந்தன. பக்கத்தில் ஒரு வாழை இலைக் கிழிசல், அதில் மிச்சம் மீதியாகப் பிரியாணிச் சோறு. சோற்றுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் குருணை குருணையாக எதுவோ கலந்திருந்தது.

அன்று நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு தெரு கூட்ட வந்த அண்ணனிடம் கெஞ்சி, வாய்க்கால் ஓரத்துக் காலி மனையில் ஐந்தையும் குழி வெட்டிப் புதைத்தோம். வேறு நாய்கள் நக்கிவிடக் கூடாதே என்று அந்த இலையை எடுத்துக் குப்பை வண்டியில் போட்டேன். இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவினேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பதினோரு மணிக்கு காவல் நிலையத்துக்குப் போனேன்.

ரைட்டர் பொறுமையாகத்தான் கேட்டார்: “செத்த நாய் எங்கம்மா?”

“புதைச்சுட்டோம் சார்.”

“விஷம் வச்ச சோறு?”

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. கொலை நடந்த இடத்தை என் கையாலேயே கழுவிவிட்டு வந்திருக்கிறேன் என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. பாசத்தில்தான் செய்தேன். ஆனால் விஷம் வைத்தவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு யாரும் செய்திருக்க முடியாது.

நான் மதுரையில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். 2009இல் அம்மா போன பிறகு, அவர் தினமும் சோறு வைத்துவந்த மூன்று நாய்கள் என் பொறுப்பில் வந்தன. அவ்வளவுதான் தொடக்கம். இயக்கம், கொள்கை என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மூன்று பத்தாகி, பத்து முப்பதாகி, இன்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆறு தெருக்களைப் பார்த்துக்கொள்கிறோம். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருடம் காவல் நிலையம், கோர்ட், கலெக்டர் அலுவலகம் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நான் வக்கீல் இல்லை. தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டவள் என்ற முறையில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் புகாருக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்ற சீட்டு, மட்டும். “விசாரிக்கிறோம்” என்றார்கள். நானும் வாரம் ஒருமுறை போய் நிற்பேன். ஏட்டு மாறினார், எஸ்.ஐ. மாறினார், பதில் மட்டும் மாறவில்லை. யாரோ சொல்லி ஒரு இளம் வக்கீலைப் போய்ப் பார்த்தபோது சம்பவம் நடந்து நூறு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் புத்தகத்தைத் திருப்பி 36ஆம் பிரிவைக் காட்டினார். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுப்பதானால், குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். அது தாண்டினால் அந்தச் சட்டத்தின் கதவு மூடிவிடும். நான் நடந்த நடையெல்லாம் அந்த மூன்று மாதத்தைத் தின்றிருந்தது.

“அக்கா, இந்தியத் தண்டனைச் சட்டத்துல 429 இருக்கு. அதுக்கு இந்தக் கெடு கிடையாது. ஆனா பிரேதப் பரிசோதனை இல்லாம என்னத்தை நிரூபிக்கிறது?” என்றார். அந்த வழக்கு அங்கேயே முடிந்தது. அந்த வக்கீல்தான் இன்றுவரை என் வழக்குகளைப் பார்க்கிறார். பாதி நேரம் ஃபீஸ் வாங்குவதில்லை.

நாங்கள் எல்லாரும் பேசும் அந்த ஐம்பது ரூபாய் அபராதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆம் பிரிவுதான் முக்கியம். அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, பட்டினி போடுவது, நெருக்கி அடைத்துக் கொண்டுபோவது எல்லாம் அதில் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் தண்டனை பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் இருபத்தைந்திலிருந்து நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் ஐம்பது ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் பெரிய பணம். அந்த எண் அப்படியே நின்றுவிட்டது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் ஊரில் பிறந்தவர் என்பது மதுரையிலேயே பலருக்குத் தெரியாது. ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். அவர் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். சோர்ந்துபோகும் நாட்களில் நான் அவரை நினைத்துக்கொள்வேன். மேடையில் கைதட்டு வாங்கிய ஒருவர், வாயில்லாத உயிருக்காக நாடாளுமன்றத்தில் மசோதாவோடு எழுந்து நின்றிருக்கிறார்.

அந்த அபராதத் தொகையைப் பார்த்துவிட்டு “இந்தச் சட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை” என்று விட்டுவிடாதீர்கள். அதே 11ஆம் பிரிவில் ‘எல்’ என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. விலங்கை அங்கஹீனப்படுத்துவதும், கொடூரமான முறையில் கொல்வதும் அதில் வரும், தெருநாய் என்ற சொல்லே அதில் இருக்கிறது. அதற்கு வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. “இதெல்லாம் நான்-காக்னிசபிள் (போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க முடியாத குற்றம்), கோர்ட்டுக்குப் போங்க” என்று யாராவது சொன்னால், கொன்ற வழக்கில் அது பொருந்தாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் காவல் நிலையத்தில் நீங்கள் நிற்கும் தோரணையே வேறாக இருக்கும்.

2016இல் ஒரு லாரி விஷயம். உசிலம்பட்டி தாண்டித் தேனி போகும் சாலையில், பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரியில் மாடுகள் நின்ற விதத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். கேரளாவுக்குப் போகிற லோடு. சோதனைச் சாவடியில் நிறுத்தி எண்ணியபோது இருபத்திரண்டு இருந்தன. 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒன்றின் கொம்பு இன்னொன்றின் கண்ணில் இடித்துக்கொண்டிருந்தது. அடியில் விழுந்த ஒரு கிடேரி எழுந்திருக்கவே இல்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ ஏழெட்டுப் பேர் பைக்கில் வந்துவிட்டார்கள். மாட்டைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. ஓட்டுநரின் பெயரைக் கேட்டார்கள், கேட்டதும் அடிக்கப் போனார்கள். இருபத்தைந்து வயதிருக்கும் அந்தத் தம்பிக்கு, கை நடுங்கியது. நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். “புகார் கொடுத்தது நான். இவன் மேல கை வச்சா அடுத்த புகார் உங்க மேலதான்” என்றேன். எனக்கும் கால் நடுங்கியது. விலங்குக்காக நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மனிதனை அடிக்கக் கிளம்புகிறவர்களோடு எந்தக் காலத்திலும் சேராதீர்கள். அவர்கள் உங்கள் வழக்கையும் கெடுத்துவிடுவார்கள்.

ஆனால் அந்த வழக்கில் என்னை இன்னும் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. மாடுகளைப் பிடித்தாயிற்று, ராத்திரி எங்கே கட்டுவது? யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். மூன்று இடத்தில் கேட்டு, கடைசியில் ஒரு கோசாலையில் இடம் கிடைத்தது. அங்கே ஏற்கெனவே தீவனத்துக்குத் தட்டுப்பாடு. இரண்டு வாரத்துக்குள் இரண்டு மாடுகள் செத்துப்போயின. உரிமையாளர் கோர்ட்டில் மனுப்போட்டு மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காப்பாற்றினேன் என்று நான் சொல்லிக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

2017இல் இதற்கென்றே தனி விதிகள் வந்தன. வழக்கில் பிடிபட்ட விலங்கை வழக்கு முடியும்வரை காப்பகத்தில் வைக்கலாம், அதன் தீவனச் செலவையும் மருத்துவச் செலவையும் உரிமையாளரிடம் வசூலிக்க வழி இருக்கிறது. சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போட்டு இதைக் கேட்க வேண்டும், தானாக நடக்காது. நான் இப்போது செய்வது இதுதான்: மாடோ கழுதையோ, பிடித்துக் கொடுப்பதற்கு முன்பே, இன்று ராத்திரி இது எங்கே நிற்கும், நாளைக் காலை யார் தண்ணீர் காட்டுவார்கள் என்று இரண்டு போன் போட்டு உறுதி செய்துகொள்கிறேன். அந்தப் பதில் இல்லாவிட்டால், வண்டியை நிறுத்தி அதிகப்படியான சுமையை இறக்க வைப்பதோடு திருப்திப்பட்டுக்கொள்கிறேன். வெயில் நேரத்து வண்டிமாடு விஷயத்திலும் இப்படித்தான். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை 37 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் மாட்டைப் பூட்டக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதி இருக்கிறது. மதுரைச் சித்திரையில் அது தினமும் பொருந்தும். வண்டிக்காரரோடு சண்டை போடுவதைவிட, லோடு ஏற்றச் சொல்கிற கடைக்காரரிடம் போய்ப் பேசுவது பலன் தருகிறது. மாட்டுக்கு மருந்து வாங்கக் கடன் வாங்குகிற வண்டிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் 2017 ஜனவரி. மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் போக முடியாது. ஜல்லிக்கட்டு கூடாது என்று 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டவள். மூன்று வருடம் கழித்து தமுக்கம் மைதானத்தில் ராத்திரி பகலாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் தெருவில் என்னோடு பேச ஆளில்லை. வீட்டுச் சுவரில் கரியால் ‘துரோகி’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். பால் ஊற்றுகிற தம்பி கூட முகம் கொடுக்கவில்லை.

என் தாய்மாமா பாலமேடு பக்கம் காளை வளர்த்தவர். வாடிவாசலுக்குப் போகிற காளை. அதற்குப் பேரீச்சம்பழமும் பருத்திக்கொட்டையும் வாங்கிப்போட்டுவிட்டுத் தான் கஞ்சி குடிப்பார். அது செத்த அன்று மொட்டை போட்டுக்கொண்டார். அந்தப் பாசத்தை நான் பொய் என்று எப்போதும் சொன்னதில்லை. வாடிவாசலுக்குள் அதே காளையின் கண்ணில் தெரிகிற மிரட்சியையும் நான் பார்த்திருக்கிறேன், அதையும் பொய் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியாததால்தான் அன்று நான் தனியாக நின்றேன். 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. என் மனது மாறவில்லை. ஆனால் அதுதான் இன்றைய சட்டம். இப்போது நானும் இன்னொரு தோழியும் தைப் பொங்கல் சமயத்தில் பதாகை பிடிக்கப் போவதில்லை. மருத்துவப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா, வாலை முறுக்குகிறார்களா, கண்ணில் எதையாவது பூசுகிறார்களா என்று பார்த்துக் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதுகிறோம். இரண்டாவது வருடமே மாமா மகன் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டினான்.

2019 அக்டோபரில் மறுபடியும் விஷம். இந்தமுறை இரண்டு நாய்கள். அதே கத்தரிப்பூக் குருணை. இந்தமுறை நான் எதையும் தொடவில்லை. போனில் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தேன். கிழக்கு மேற்கு தெரிகிற மாதிரி, கடைப் பலகை தெரிகிற மாதிரி, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து. 100க்கு போன் போட்டேன், அழைத்த நேரம் பதிவாகும் என்பதற்காகவே. ஒரு தோழியை இலைக்குக் காவல் வைத்துவிட்டுக் காவல் நிலையம் போனேன். புகாரில் 429, மிருகவதைச் சட்டம் 11 ‘எல்’ இரண்டையும் எழுதியிருந்தேன். வாரண்ட் இல்லாமல் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமென்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் சொன்ன தீர்ப்பின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பையில் இருந்தன. சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. “சார், இதை ஒருதடவை பாருங்க” என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது.

உடல்களை மீன்கடை ஐஸ் கட்டி அடுக்கித் தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். போலீஸ் கொடுக்கும் வேண்டுகோள் கடிதத்தோடு போக வேண்டும். அப்போதுதான் அந்த அறிக்கைக்குக் கோர்ட்டில் பலம். இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை விஷப் பரிசோதனைக்கு எடுக்கும்போது கெட்டியான உப்புக் கரைசலில்தான் போட வேண்டும், ஃபார்மலினில் போட்டால் பரிசோதனை கெட்டுவிடும். மருத்துவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் பரபரப்பான நாளில் ஞாபகப்படுத்துவதில் தப்பில்லை. பாட்டிலில் சீல் வைப்பதையும், எண் எழுதுவதையும், யார் கையில் வாங்கிப் போகிறார் என்பதையும் நான் என் கணக்கு நோட்டில் நேரத்தோடு எழுதினேன். தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து முடிவு வரப் பதினோரு மாதம் ஆனது. கார்போஃபியூரான் என்றது அறிக்கை. வயலில் பூச்சிக்கு வைக்கும் குருணை மருந்து.

மளிகைக்கடைக் கேமராவில் ஒருவர் விடிகாலையில் இலைப் பொட்டலத்தை வைப்பது பதிவாகியிருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். கடைக்காரத் தம்பி அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். போலீஸிடம் கொடுத்தேன். இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

கூண்டில் ஏறுவது பற்றி யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்டது: “இந்த நாய்களுக்கு நீங்க ஓனரா?” இல்லை என்றேன். “ஓனர் இல்லாத தெருநாய்க்கு என்ன விலை?” அது வீண் கேள்வி இல்லை. அப்போதிருந்த 429இல் மாடு, குதிரை, யானை போன்றவற்றுக்கு விலைக் கணக்கு கிடையாது. மற்ற விலங்கென்றால் ஐம்பது ரூபாயாவது மதிப்பு இருக்க வேண்டியிருந்தது. அங்கேதான் என் தொழில் உதவியது. அந்த இரண்டு நாய்க்கும் போட்ட வெறிநாய்த் தடுப்பூசி ரசீது, கருத்தடை செய்த சீட்டு, தோல் மருந்து வாங்கிய பில் எல்லாம் தேதி வரிசையில் ஃபைலில் இருந்தன. கூட்டினால் நாலாயிரத்துச் சொச்சம். நீதிபதி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

அடுத்த கேள்வி: “நாய்க்கு வைக்கிற சோத்துல கோழிக்கறி போடுவீங்களா?” போடுவேன் என்றேன். “கோழி உயிர் இல்லையா?” உயிர்தான் என்றேன். “அப்போ உங்க ஜீவகாருண்யம்...” என்று அவர் தொடங்கியதும் நீதிபதி நிறுத்தினார். எனக்குத் தொண்டை அடைத்தது, ஆனால் பொய் சொல்லவில்லை. கூண்டில் நிற்கும்போது நம்மைப் பெரிய மனுஷியாகக் காட்டிக்கொள்ள ஆசை வரும். கேட்டதற்கு மட்டும், உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

2022இல் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. விஷம் நிரூபணமானது, நாய்களின் மதிப்பு நிரூபணமானது. யார் வைத்தார்கள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் காணொளி. அதோடு, அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ் இல்லை. நகல் எடுத்த பதிவைச் சாட்சியமாக ஏற்க, எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தது என்று அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். அதைப் பின்னால் வாங்கலாம் என்றால், கொரோனாவில் கடையை மூடிவிட்டுத் தம்பி திருப்பூருக்குப் போய்விட்டான். பதிவுப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தான். ஒரு பக்கக் காகிதம்தான். அன்றைக்கே கடையில் நின்று எழுதி வாங்கியிருந்தால் இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

தீர்ப்பன்று மாவட்ட நீதிமன்றத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை நடந்தே போனேன். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை கூடிய இடம், பெயர் மட்டும் மிச்சம். பேருந்து நிலையத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தபோது, விடுதலையான அந்தப் பெரியவரும் டவுன் பஸ்ஸுக்காக அங்கே வந்து நின்றார். அவராகத்தான் பக்கத்தில் வந்தார். “நான் பால் எடுக்க நாலரை மணிக்குப் போவேம்மா. ரெண்டு தடவை துரத்தி சைக்கிளோட விழுந்தேன். இடுப்பு போச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை வந்தேன். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க,” என்றார். வைத்தேன் என்றும் சொல்லவில்லை, வைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் மூன்று வருடமாக வாய்தா வாய்தாவாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தும், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை அன்றுதான் கவனித்தேன்.

அதற்கு அடுத்த மாதமே ஒரு வேலை தொடங்கினோம். பின்தெரு உட்பட ஆறு தெருவிலும் ஒவ்வொரு நாயையும் படம் எடுத்து, எது கருத்தடை ஆனது, எது ஆகாதது என்று நோட்டில் எழுதினோம். ஆனவற்றுக்குக் காது நுனியில் அடையாள வெட்டு இருக்கும். ஆகாதவைதான் கூட்டம் சேர்ந்து துரத்தின, குட்டி போட்ட தாய் நாய்கள்தான் பெரும்பாலும் கடித்தன. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் வார்டில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்தீர்கள் என்று மாநகராட்சியைக் கேட்டோம். வந்த பதிலை இணைத்துத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தோம். மூன்றாவது திங்கட்கிழமை வண்டி வந்தது. சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கு மாறியது 1996இல். அத்தனை வருட அனுபவம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு ஊரிலும் அதைப் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வண்டி வருவதற்குள் நடந்தது ஒன்றுண்டு. எங்கள் தெருவில் ஏழு வயதுப் பையன் ஒருவனைக் குட்டிகளோடு இருந்த ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அலறல் கேட்டு ஓடினேன். அவன் அம்மா மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று தடுத்து, குழாயடியில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினோம். பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். அன்றைக்கு ஓர் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். காயத்தில் ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து போட்டார்கள். நாலு தடவையும் நானே கூட்டிப்போனேன். ரேபிஸ் வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுக்க மட்டும்தான் முடியும். தெருநாய்க்குச் சோறு வைக்கிற ஒவ்வொருவரும் இதைத் தங்கள் கடமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கடித்தது ‘நம்ம நாய்’ என்றால் ஓடவேண்டியதும் நாம்தான்.

இருந்தாலும் 2023இல் என்மேல் வழக்கு வந்தது. அமைதிக்குப் பங்கம் விளைவிக்கிறேன் என்று 107 நோட்டீஸ் முதலில். பிறகு குடியிருப்போர் சிலர் சேர்ந்து, நான் தெருவில் சோறு வைக்கக் கூடாது என்று நிரந்தரத் தடை கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்கு. பிரதிவாதியாக என் பெயரைப் படித்தபோது உடம்பெல்லாம் சூடானது. அந்தச் சூட்டிலேயே நான் பதில் எழுதியிருந்தால் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கும். வக்கீல் ஒரு வாரம் எதையும் எழுதவிடவில்லை.

அந்த வருடம் மார்ச்சில்தான் புதிய விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்திருந்தன. தெருவிலங்குக்கு உணவிட இடம் குறித்துக் கொடுப்பது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு, அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல்படிக்கும் தள்ளி இருக்க வேண்டும், குழந்தைகளும் பெரியவர்களும் நடமாடும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று 20ஆம் விதி சொல்கிறது. அதாவது அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது, நான் செய்ததிலும் நியாயம் இருந்தது. சமரசத்துக்கு அனுப்பினார்கள். மூன்று அமர்வு. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் இடம், காலை ஐந்தரைக்குள், இரவு ஒன்பதுக்கு மேல், இலையும் மிச்சமும் நானே அள்ளிவிட வேண்டும், புதிதாக எந்த நாய் வந்தாலும் மாதத்துக்குள் கருத்தடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எனக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் அந்தப் பையனின் அம்மா.

அந்த எழுத்து எவ்வளவு உதவியது என்பது 2025 ஆகஸ்டில் தெரிந்தது. டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி உத்தரவிட்டதும், மறுநாள் காலையே பேப்பரோடு நாலு பேர் வாசலில் நின்றார்கள். 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது, உணவு குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. நாங்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தோம். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கே திரும்ப விடக் கூடாது என்று வந்த உத்தரவுதான் மனதைப் பிசைந்தது. மாட்டுத்தாவணித் திண்டில் அன்று என் காலடியில் படுத்திருந்த கறுப்பு நாய் ஞாபகம் வந்தது. உத்தரவை மீறச் சொல்லி யாரையும் நான் தூண்டமாட்டேன். அகற்றுகிறவற்றை எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மூன்றாவது விஷ வழக்கு 2024 நவம்பரில் நடந்தது, இப்போது விசாரணையில் இருக்கிறது. அதனால் அதிகம் எழுதக் கூடாது. புதிய சட்டத்தில் மாறியதை மட்டும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு வந்துவிட்டது. எந்த விலங்கைக் கொன்றாலும் விஷம் வைத்தாலும் ஊனமாக்கினாலும் ஐந்து வருடம் வரை சிறை. ஐம்பது ரூபாய் மதிப்புக் கேள்வி போய்விட்டது. தண்டனை மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்குள் வரும் குற்றமென்பதால், எஃப்.ஐ.ஆருக்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாள் முதல்கட்ட விசாரணை வைக்கலாம். அந்தப் பதினான்கைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நாள் பதில் இல்லையென்றால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். மிருகவதைச் சட்டத்தின் மூன்று மாதக் கெடு அப்படியேதான் இருக்கிறது, அதையும் சேர்த்து எண்ணுங்கள். காணொளிச் சான்றிதழ் இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் வருகிறது, இரண்டு பகுதி: ஒன்று கருவிக்குப் பொறுப்பானவர், இன்னொன்று நிபுணர். கேமரா பதிவு பல கடைகளில் பத்துப் பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும்.

அந்த நவம்பர் காலையில் நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். படம் எடுத்து, போன் போட்டு, இலைக்கு ஆள் நிறுத்தி, பாட்டிலில் சீல் வைத்து, கேமரா வைத்திருந்த பேக்கரிக்காரரிடம் சான்றிதழில் கையெழுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்று நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து உடலைத் திரும்பக் கொடுத்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் செவலையைப் புதைத்த மனையில் இப்போது வீடு கட்டிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதைத்தோம். குழி வெட்டியது பின்தெருப் பெரியவரின் பேரன்.

அடுத்த வாய்தா இருபத்தொன்றாம் தேதி. அன்றைக்குப் பேக்கரிக்காரர் சாட்சி சொல்ல வேண்டும். கூண்டில் என்ன கேட்பார்கள் என்று அவருக்குப் பயமாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்தபின் வரச் சொல்லியிருக்கிறார், போய்ப் பேச வேண்டும்.